முழங்கால் வலி இல்லாதவர்கள் மட்டும்

என் அம்மாவுக்கு நின்றபடியே தூங்கத் தெரியும். பொய் இல்லை. கையில் ஒரு குட்டி ரயில் என்ஜினைப் பிடித்துக்கொண்டு, மேஜையில் சாய்ந்து நின்றபடி தூங்குவாள்.

"அம்மா, தூங்கறியா?"

"இல்லடி, யோசிக்கறேன்."

யோசிக்கிறவர்கள் குறட்டை விடுவார்களா? நீங்களே சொல்லுங்கள்.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. வாரத்தில் ஆறு நாள், காலை நாலரை மணிக்கு எழுந்து பேருந்து ஓட்டப் போகிறாள். ஏழாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை நீட்டிப் படுக்கலாம் அல்லவா? மாட்டாள். என்னையும் இழுத்துக்கொண்டு நூலகத்தின் மாடி அறைக்கு வந்து குட்டி ரயில் ஓட்டுவாள்.

"வாரம் பூரா ஓட்டிட்டு, லீவு நாள்லயும் ஓட்டணுமா?" என்று அப்பா கேட்பார்.

"அதுல அறுபது பேர் கத்துவாங்க. இதுல ஒருத்தரும் கத்த மாட்டாங்க" என்பாள் அம்மா.

அந்த மாடி அறைதான் குட்டி ரயில் சங்கம். அறை முழுக்க ஒரே மேஜை. பதினெட்டு அடி நீளம், ஆறு அடி அகலம். மேஜை மேல் ஒரு மலை, இரண்டு சுரங்கம், நான்கு ஸ்டேஷன், ஒரு பாலம். பாலத்தைக் கட்டியது அம்மா. தீக்குச்சியைவிடக் கொஞ்சம் தடிமனான குச்சிகள், மொத்தம் எண்ணூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றாக ஒட்டி முடிக்க அவளுக்கு நான்கு வருடம் ஆனது. நடுவில் எத்தனை தடவை தூங்கினாள் என்று யாரும் எண்ணவில்லை.

சங்கத்தில் ஆறு பேர். அதில் மூன்று பேர் வருடம் முழுக்க "உடம்புக்கு முடியல" என்று சொல்லி அனுப்புவார்கள். மிச்சம் மூன்று பேர். அம்மாவுக்கு முதுகு வலி. தலைவர் மாமா தபால் ஆபீசில் முப்பது வருடம் நின்றுகொண்டே கடிதம் பிரித்தவர். அவருக்கு முழங்கால் வலி. டாக்டர் மாமா பல் டாக்டர். நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் குனிந்து பார்ப்பதால் அவருக்குக் கழுத்து வலி.

மூன்று பேரும் சந்தித்தால் முதல் அரை மணி நேரம் வலியைப் பற்றித்தான் பேச்சு. ரயில் அப்புறம்தான்.

ஒரு ஞாயிறு அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது நூலகர் மாடிக்கு வந்தார். கையில் ஒரு காகிதம்.

"மேல இருந்து உத்தரவு வந்திருக்கு" என்றார். "இனிமே பிள்ளைங்க வர்ற சங்கத்துக்குத்தான் ரூம் கொடுக்கணுமாம். மாசக் கடைசிக்குள்ள பதினஞ்சு வயசுக்குக் கீழ அஞ்சு பேர் புதுசா சேரணும். இல்லைன்னா ரூம் மேஜைப் பந்து குழுவுக்குப் போயிடும்."

"அஞ்சு பேரா?" என்றார் தலைவர் மாமா. "எங்களுக்கு அறுபது வயசுக்குக் கீழ அஞ்சு பேர் கிடைக்கறதே கஷ்டம்."

"இதோ, எலி இருக்காளே!" என்று டாக்டர் மாமா என்னைப் பிடித்து முன்னால் நிறுத்தினார். எலி என்பது நான்தான். ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்பதால் அம்மா வைத்த பெயர்.

"உறுப்பினர் வீட்டுப் பிள்ளைங்க கணக்குல வராது, டாக்டர்" என்றார் நூலகர். "எனக்கும் மனசு வரலதான். ஆனா என் கையில ஒண்ணும் இல்ல."

அவர் படியிறங்கிப் போனார். டாக்டர் மாமா மேஜையைப் பார்த்தபடி கேட்டார்.

"மேஜையை வேற எங்கயாவது கொண்டு போயிடலாமா?"

"எப்படி? இத ரூமுக்குள்ளயேதானே கட்டினோம்" என்றார் தலைவர் மாமா. "கதவு ரெண்டரை அடி."

வெளியே எடுக்க வேண்டுமானால் மேஜையை அறுக்க வேண்டும். எல்லோருக்கும் அது புரிந்தது. அம்மா ஒரு பென்சிலை எடுத்தாள். மேஜையைச் சுற்றி மெதுவாக நடந்தாள். பிறகு ஓரத்தில் ஒரு கோடு போட்டாள். கொஞ்சம் தள்ளி இன்னொரு கோடு.

"என்னம்மா அது?"

"ரம்பம் எங்க போகணும்னு பாக்கறேன். எப்படிப் போட்டாலும் பாலத்துக்கு நடுவுலதான் வருது."

குரலில் கோபமே இல்லை. 'நாளைக்கு மழை வரும்' என்பது போலச் சொன்னாள். கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை என்று எனக்குத் தோன்றியது.

மாசக் கடைசிக்கு இரண்டு ஞாயிறுதான் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொதுமக்களுக்கு ரயில் கண்காட்சி என்று முடிவானது. டாக்டர் மாமா பலூன் கட்டினார். வாசலில் பலகை வைத்தார். தலைவர் மாமா 'இருப்புப்பாதையின் வரலாறு' என்று நாற்பது நிமிடப் பேச்சு எழுதிக்கொண்டு வந்தார்.

"நாப்பது நிமிஷமா?" என்றேன்.

"முதல் பாகம் மட்டும்தான்" என்றார் அவர்.

பதினொரு பிள்ளைகள் வந்தார்கள்! நான் எண்ணினேன். நான்கு நிமிடத்தில் பத்துப் பேர் போய்விட்டார்கள். அதையும் எண்ணினேன்.

ஏன் தெரியுமா? அந்த மேஜையைக் கட்டியபோது தலைவர் மாமா, "நாற்காலில உக்காந்து ரயிலைக் கண்ணுக்கு நேரா வச்சுப் பாத்தாத்தான் நிஜ ரயில் மாதிரி இருக்கும்" என்று சொன்னாராம். சரிதான். ஆனால் யாருடைய கண்ணுக்கு? அவர் ஆறடி உயரம்! வந்த பிள்ளைகளின் கண்ணுக்கு நேராக இருந்தது வெறும் பலகை. பழுப்பு நிறப் பலகை. அதைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் நிற்பார்கள்?

இரண்டு ஸ்டூல் போட்டோம். ஒரே தள்ளுமுள்ளு. ஏறிப் பார்த்த ஒரு சிறுமி, "சும்மா சுத்தி சுத்தித்தான் வருமா?" என்று கேட்டாள். "ஆமா" என்றார் டாக்டர் மாமா. "ஓ" என்று சொல்லி அவள் இறங்கிவிட்டாள்.

தொப்பி போட்ட ஒரு பையன் மட்டும் மிச்சம். அவனும் ஆசையில் நிற்கவில்லை. அவன் அக்கா கீழே பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் படித்து முடிக்கும்வரை அவனுக்குப் போக இடமில்லை.

"இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமையே இல்ல" என்று தலைவர் மாமா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

அந்த நேரம் பார்த்து ரயில் நின்றது. சரியாகப் பாலத்தின் மேல்.

அம்மா பொத்தானை அழுத்தினாள். அசையவில்லை. என்ஜினைத் துடைத்தாள். அசையவில்லை. டாக்டர் மாமா பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியைப் பாலத்துக்கு அடியில் விட்டுப் பார்த்தார்.

"மேல எல்லாம் சரியா இருக்கு. கீழதான் ஒயர் கழண்டிருக்கணும்."

கீழே! மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"தலைவரே, நீங்க போங்களேன்."

"நான் கீழ உக்காந்தா எழுந்திருக்க ரெண்டு ஆள் வேணும். நீங்க போங்க டாக்டர்."

"என் கழுத்து அப்படித் திரும்பாது."

"விடுங்க, வழக்கம் போலச் செஞ்சிடலாம்" என்றார் தலைவர் மாமா.

வழக்கம் என்னவென்று சொல்கிறேன். சட்டைப் பையிலிருந்து அவர் இரண்டு குட்டி பிளாஸ்டிக் ஆட்களை எடுத்தார். மண்வெட்டி பிடித்த ஆட்கள். அவர்களைத் தண்டவாளத்தின் மேல் நிற்க வைத்தார். பக்கத்தில் நகம் அளவுக்கு ஒரு பலகை: 'பராமரிப்புப் பணி நடைபெறுகிறது.'

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மேஜை முழுக்க அப்படிப்பட்ட பிளாஸ்டிக் ஆட்கள் நிற்கிறார்கள். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். சங்கத்தில் நிறைய வேலை நடக்கிறது என்று நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன்!

"அப்போ இவங்க எல்லாரும்..."

"கிளைப் பாதைங்கள்ல பழுதான இடம்" என்றாள் அம்மா. "குனிய முடியல எலி. அதான் ஆள நிறுத்திடுவோம்."

"இத்தனை வருஷமா மண்ணு வெட்டறாங்களா இவங்க?"

"சிலர் அஞ்சு வருஷமா வெட்டறாங்க" என்றார் டாக்டர் மாமா.

அம்மா மட்டும் பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். பாதி தூரம் போனாள். அங்கேயே நின்றுவிட்டாள். மேலேயும் வர முடியவில்லை, கீழேயும் போக முடியவில்லை.

"அய்யோ, பிடிச்சுக்கிச்சு! முதுகு பிடிச்சுக்கிச்சு!"

நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து அவளைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தோம். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "போதும்" என்றாள். அது முதுகைப் பற்றி மட்டும் சொன்னது போல இல்லை.

"நான் போறேன்" என்றேன்.

"கீழ எல்லாம் ஒயர்டி."

"டாக்டர் மாமா, ஒயரைத் தொட்டா ஷாக் அடிக்குமா?"

"பன்னெண்டு வோல்ட்தான். பல்லு கூசற அளவு கூட இருக்காது" என்றார். ஆனாலும் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு வந்தார். "அணைச்சாச்சு. இப்போ போ. ஸ்க்ரூடிரைவர் மட்டும்தான், வேற எதையும் இழுக்காத."

தொப்பிப் பையன் அதுவரை சுவரில் சாய்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். "நான் டார்ச் பிடிக்கவா?" என்றான்.

இருவரும் மேஜைக்கு அடியில் நுழைந்தோம். எனக்கு அந்த இடம் பழக்கம்தான். அம்மா ரயில் ஓட்டும்போது அங்கே படுத்துக் கதைப் புத்தகம் படிப்பேன். ஆனால் ஒரு நாளும் அண்ணாந்து பார்த்ததில்லை. இப்போது பார்த்தேன். ஒயர் என்றால் ஒயர், அப்படி ஒரு ஒயர்! ஊரே தலைகீழாகத் தொங்கியது.

"இது சூப்பரா இருக்கே" என்றான் தொப்பி. "இத ஏன் காட்டல? வெறும் பலகையைக் காட்டினாங்க?"

"எல்லா ஒயரும் வெள்ளையா இருக்கே, எதுன்னு கண்டுபிடிக்கறது?" என்று நான் மேலே பார்த்துக் கத்தினேன்.

"கலர் ஒயர் தீந்து போச்சு" என்று தலைவர் மாமாவின் குரல் வந்தது. கொஞ்சம் வெட்கத்தோடு.

"சரி, ரயில் நிக்கற இடத்துல தட்டுங்க!"

டொக், டொக், டொக். தலைக்கு மேலே சத்தம் கேட்டது. ஊர்ந்து அங்கே போனோம். பலகையில் ஒரு ஓட்டை வழியாக இரண்டு ஒயர் இறங்கியிருந்தன. தொப்பி டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஒன்றைப் பிடித்தான், நான் இன்னொன்றைப் பிடித்தேன். ஒயர் போன வழியில் நாங்களும் போனோம். அவன் முட்டி என் மூக்கில் இடித்தது. என் முழங்கை அவன் தொப்பியைத் தட்டிவிட்டது. கடைசியில் ஒரு கருப்புக் கட்டையில் வரிசையாக ஸ்க்ரூ. என் ஒயர் இறுக்கமாக இருந்தது. அவன் ஒயர் சும்மா தொங்கியது.

"ங்ங்ங்!" என்றான் தொப்பி. வாயில் டார்ச் இருந்ததால் அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

ஒயரை உள்ளே விட்டு ஸ்க்ரூவைத் திருகினேன்.

"போடுங்க மாமா!"

மேலே ஒரு 'டக்'. பிறகு, கடகடகடவென்று எங்கள் தலைக்கு மேலேயே ரயில் ஓடியது. நெஞ்சுக்குள் ஓடுவது போல இருந்தது. பாலத்தைத் தாண்டியது, மலைப் பக்கம் போனது, தேய்ந்து மறைந்தது.

தொப்பி டார்ச்சைத் துப்பினான்.

"வேற எங்கயாவது கெட்டுப் போயிருக்கா?" என்றான். கண் மின்ன, அவ்வளவு ஆசையாகக் கேட்டான்.

மேலேயிருந்து டாக்டர் மாமா சொன்னார்:

"எங்கயாவதா? இன்னும் பதினோரு இடம்பா!"

"பதினொண்ணா!" தொப்பிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

நான் மேஜைக்கு அடியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். 'வந்து பாருங்கள்' என்றால் நான்கு நிமிடம்தான். 'வந்து சரி பண்ணுங்கள்' என்றால்?

வெளியே வந்து வாசலில் இருந்த பலகையைத் தூக்கி வந்தேன். 'ரயில் கண்காட்சி, அனைவரும் வருக' என்பதை அழித்துவிட்டு இப்படி எழுதினேன்:

*ஆள் தேவை. முழங்கால் வலி இல்லாதவர்கள் மட்டும். எங்கள் ரயில் பதினோரு இடத்தில் ஓடவில்லை. எங்களால் குனிய முடியவில்லை. டார்ச் இருந்தால் கொண்டு வரவும். வயது: எட்டு முதல் பதினான்கு வரை. அதற்கு மேல் என்றால் மேஜை இடிக்கும்.*

தலைவர் மாமா படித்தார். முகம் சிவந்துவிட்டது.

"என்ன எலி இது? ஓடலன்னு ஊருக்கே சொல்லுவியா? சங்கத்தோட மானம் போயிடும்!"

"ஓடலதானே மாமா?"

"அதுக்காக? இருபது வருஷமா கட்டின சங்கம். ரிப்பேர் கடைன்னு நினைப்பாங்க."

டாக்டர் மாமா கழுத்தைத் தடவிக்கொண்டார். நாற்காலியில் கண்ணை மூடியிருந்த அம்மா அப்படியே பேசினாள்.

"தலைவரே, நான் நாளைக்கு நாலரைக்கு எழுந்திருக்கணும். சுத்தி வளைக்க எனக்குத் தெம்பில்ல. நமக்கு முடியல. முடியலன்னுதான் அவ எழுதியிருக்கா. பொய் எழுதி வச்சோமே, அந்த பிளாஸ்டிக் ஆளுங்க, அதுக்குத்தான் மானம் போகணும்."

தலைவர் மாமா நெடுநேரம் பலகையைப் பார்த்தார். சாக்பீஸைக் கேட்டு வாங்கினார். அழிக்கப் போகிறார் என்று நினைத்தேன். 'முழங்கால் வலி' என்று இருந்த இடத்தில், நான் விட்ட புள்ளி ஒன்றை வைத்தார்.

"தப்பில்லாம எழுது" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு. அதுதான் கடைசி ஞாயிறு. மணி மூன்று. யாரும் வரவில்லை. மூன்றே கால். தலைவர் மாமா கண்ணாடியைத் துடைத்தார். ஏற்கெனவே நான்கு தடவை துடைத்திருந்தார். அம்மா பென்சில் கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். இந்த முறை தூங்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

படியில் தடதடவென்று சத்தம். தொப்பி! அவன் பின்னால் அவன் வகுப்பு இரட்டையர்கள். ஸ்கேட்டிங் போகும்போது கட்டுகிற முட்டிக் கவசத்தைப் போட்டுக்கொண்டு ஒருத்தி. கையில் சமையலறை டார்ச்சோடு ஒருவன். போன வாரம் "ஓ" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போன சிறுமி. கடைசியாக, மூச்சு வாங்க வந்த, குண்டுக் கண்ணாடி போட்ட ஒரு பையன்.

"முழங்கால் வலி இல்லாதவங்க இங்கதானே?" என்றான் குண்டுக் கண்ணாடி.

"காட்டு பாக்கலாம்" என்றார் டாக்டர் மாமா. எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து எழுந்தார்கள். மூன்று பெரியவர்களும் அதைப் பொறாமையோடு பார்த்தார்கள்.

ஆளுக்கு ஒரு பழுது பிரித்துக் கொடுத்தேன். மெயின் ஸ்விட்ச் அணைந்தது. எல்லோரும் கீழே போனார்கள். மேலே ஒருவர் தட்ட, கீழே ஒருவர் கத்த, அறை சந்தைக்கடை ஆனது. இரட்டையர்கள் இரண்டு ஒயரை மாற்றிக் கட்டிவிட்டார்கள். ஸ்விட்சைப் போட்டதும் சரக்கு ரயில் பின்பக்கமாகவே ஓடி, ஸ்டேஷனுக்கு வாலைக் காட்டிக்கொண்டு வந்து சேர்ந்தது.

"பரவால்ல, ரிவர்ஸ்ல நான் கூட இவ்வளவு நேரா வர மாட்டேன்" என்றாள் அம்மா. பல நாள் கழித்து அவள் சிரிப்பதைப் பார்த்தேன். சோர்ந்த சிரிப்புதான். இருந்தாலும் சிரிப்பு.

ஒரு பழுது சரியானால் ஒரு பிளாஸ்டிக் ஆளைத் தலைவர் மாமா எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். "போய் ரெஸ்ட் எடுப்பா" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார்.

நாலரை மணிக்கு நூலகர் வந்தார். கையில் அந்தக் காகிதம். அறையைப் பார்த்தார். நாற்காலியில் மூன்று பெரியவர்கள். மேஜைக்குப் பக்கத்தில் தலையெல்லாம் தூசியோடு நான். வேறு யாரும் இல்லை.

"அப்போ யாரும் வரலயா?" என்றார் தாழ்ந்த குரலில்.

"உள்ள இருக்காங்க" என்றேன்.

"எங்க?"

மேஜையின் கீழ் ஓரத்தைக் காட்டினேன். வரிசையாகப் பாதங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. நூலகர் குனியப் பார்த்தார். "அம்மாடி" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். நின்றபடியே பாதங்களை எண்ண ஆரம்பித்தார்.

"பத்து... பன்னெண்டு... பதிமூணு." அவர் புருவம் சுருங்கியது. "பதிமூணு காலா?"

"நான் ஒண்ண மடக்கி வச்சிருக்கேன்!" என்று கீழேயிருந்து குரல் வந்தது. ஒரு பாதம் பொத்தென்று வெளியே வந்து விழுந்தது.

"ஏழு பேர்" என்று நூலகர் காகிதத்தில் எழுதினார். கையெழுத்துப் போட்டார். "மேஜைப் பந்துக்கு வேற ரூம் பாக்கறேன்" என்றார். அறையை விட்டுப் போகும்போது நின்றார். "ஏம்மா, கீழ என் மேஜை டிராயர் ஒரு வருஷமா திறக்கல. இவங்கள்ல யாரையாவது கொஞ்சம் அனுப்புவீங்களா?"

ஐந்தரை மணிக்கு நானும் அம்மாவும் வீட்டுக்குப் பேருந்தில் போனோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அம்மா பேருந்தில் பயணி. உட்கார்ந்த மறு நிமிடமே என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். தொப்பியும் அவன் அக்காவும் எங்களுக்குப் பின் இருக்கையில்.

தொப்பி என் காதருகே எட்டிக் கிசுகிசுத்தான். "இன்னும் நாலு மிச்சம் இருக்கு. சுரங்கத்துல இருக்கற பழுது எனக்கு. வேற யாருக்கும் கொடுத்துடாத."

"சரி, சத்தம் போடாத. அம்மா தூங்கறா."

"முதல்ல மெயின் ஸ்விட்ச்ச அணைக்கணும்" என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமல்.

அடுத்த நிறுத்தம் வந்தது. தூக்கத்திலேயே அம்மாவின் வலது கால் மெதுவாகத் தரையை அழுத்தியது. அங்கே பிரேக் எதுவும் இல்லை. ஆனாலும் பேருந்து சரியாக நின்றது.